கையில் ரெண்டு ஏஸ் இருந்தா எவ்வளவு கட்டணும்?

நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல பெரும்பாலானவை "எதுல போடலாம்?" என்றுதான் ஆரம்பிக்கும். எந்த ஃபண்ட், எந்த பங்கு, தங்கமா நிலமா. "எவ்வளவு போடலாம்?" என்று கேட்கிறவர் அபூர்வம். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். மாசச் சம்பளத்தில் வாழறவங்களோட பணம் வளர்றதும் தேயறதும் எதுல போட்டோம் என்பதைவிட எவ்வளவு போட்டோம் என்பதில்தான் அதிகமாகத் தீர்மானம் ஆகுது. அதுலயும் நம்மில் பல பேர் அளவைத் தலைகீழாக வச்சிருக்கோம். நிச்சயமான இடத்தில் சில்லறை, நிச்சயமே இல்லாத இடத்தில் லட்சம்.

இதைப் புரிஞ்சுக்க ஒரு சீட்டாட்டம் ரொம்ப உதவும். நோ-லிமிட் ஹோல்டம் போக்கர்.

பதறாதீங்க, யாரையும் ஆடச் சொல்லலை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, தமிழக அரசின் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவற்றைத் தடை செய்த பகுதியை நீக்கியது. ஆனா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றின ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே ஓரமா வச்சுட்டு, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் மொத்தமா தடை செய்தது. தடையே இல்லாட்டியும் நான் ஆடச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எத்தனை லட்சம் கை ஆடியவர் என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே நமக்கு வேண்டியது அந்த ஆட்டத்தோட கணக்கு மட்டும்தான்.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு, மூடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவா ஐந்து சீட்டு. முதலில் மூணு ஒண்ணா திறக்கும், அது ஃபிளாப். அடுத்து ஒண்ணு, டர்ன். கடைசியா ஒண்ணு, ரிவர். இந்த ஏழில் சிறந்த ஐந்தை வச்சிருப்பவர் நடுவில் குவிஞ்ச பணத்தை எடுத்துக்குவார். அந்தக் குவியலுக்குப் பேர் பாட். சீட்டு திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்கும் பிறகு ஒரு சுற்று என மொத்தம் நாலு சுற்று பணம் கட்டலாம். எதிராளி கட்டினதுக்குச் சமமா நீங்க வச்சா "கால்". சீட்டைத் தூக்கிப் போட்டா "ஃபோல்ட்".

லிமிட் வகை ஆட்டத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதை விதியே சொல்லிடும். நீங்க ஆமா, இல்லைன்னு சொன்னா போதும். நோ-லிமிட்டில் அந்த எண்ணை நீங்கதான் சொல்லணும். பத்து ரூபாயா இருக்கலாம், முன்னாடி அடுக்கி வச்ச மொத்தமாவும் இருக்கலாம். அந்த ஒரு சுதந்திரம்தான் ஆட்டத்தையே மாத்திடுது. நம்ம சம்பளக் கணக்கும் நோ-லிமிட் ஆட்டம்தான். எதுல எவ்வளவு என்று யாரும் விதி போட்டுத் தர்றதில்லை.

நல்ல சீட்டு வந்தா ஏன் பயம் வருது?

ஆரம்பத்திலேயே வரக்கூடிய சிறந்த சீட்டு ரெண்டு ஏஸ். சராசரியா 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். புதுசா ஆடுறவங்க கையில் இது வந்தா ரெண்டில் ஒண்ணு செய்வாங்க. ஒரு சிலர் மொத்தத்தையும் தூக்கி நடுவில் தள்ளிடுவாங்க. எல்லாரும் ஃபோல்ட் பண்ணுவாங்க. 221 கை காத்திருந்ததுக்குக் கிடைச்சது நாலு சில்லறை. இன்னும் சிலர், எதிராளி ஓடிடக் கூடாதுன்னு பொடிப்பொடியா கட்டுவாங்க. அஞ்சாறு பேர் "இவ்வளவுதானே" என்று உள்ளே வருவாங்க.

இங்கேதான் ஒரு எண்ணை மனசில் வச்சுக்கணும். ரெண்டு ஏஸ் ஒரே ஒரு எதிராளிக்கு எதிரா, அவர் கையில் எது வேணா இருக்கலாம்னா, சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். ஒன்பது பேரும் கடைசி வரைக்கும் உள்ளே இருந்தா அதே ரெண்டு ஏஸ் ஜெயிக்கிறது சுமார் 31 சதவீதம்தான். உங்க சீட்டு மாறலை. நீங்க கட்டின அளவு எத்தனை பேரை உள்ளே விட்டதோ, அது மாறிடுச்சு.

இன்னொரு கணக்கு பாருங்க. டர்ன் திறந்தாச்சு, ஒரு சீட்டு பாக்கி. பாட்டில் 1,000 ரூபாய். உங்க கிட்ட ரெண்டு ஏஸ். எதிராளி கையில் ரெண்டு ஹார்ட்டின், மேஜையில் ரெண்டு ஹார்ட்டின். இன்னும் ஒரு ஹார்ட்டின் விழுந்தா அவருக்கு ஃபிளஷ், நீங்க காலி. அவர் பார்க்காத சீட்டு 46, அதில் ஹார்ட்டின் 9. ஆக அவருக்கு வாய்ப்பு 19.6 சதவீதம், ஐந்தில் ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. நீங்க 250 கட்டினா, அவர் 250 போட்டு 1,250-ஐ எடுக்கப் பார்க்கிறார். அவருக்கு 16.7 சதவீத வாய்ப்பு இருந்தாலே கட்டுப்படியாகும். இருக்கிறது 19.6. அதாவது நல்ல சீட்டை வச்சுக்கிட்டு நீங்களே அவருக்கு லாபமான டிக்கெட் விற்கிறீங்க. 500 கட்டினா அவருக்கு 25 சதவீதம் தேவை. இப்போ அவர் கால் பண்ணினா, ஒவ்வொரு தடவையும் இல்லாட்டியும், நாள்பட அந்தப் பணம் உங்க பக்கம் வரும். 250-க்கும் 500-க்கும் நடுவில்தான் யாருக்கு லாபம் என்பது மாறுது.

நம்ம ஊர்க் கணக்கில் இதுக்குச் சரியான உதாரணம் கிரெடிட் கார்டு கடன். மாசம் 3.5 சதவீத வட்டின்னு வச்சுக்கங்க. வருஷத்துக்கு 42. கூட்டு வட்டியா ஓடவிட்டா 51 சதவீதத்தைத் தொடும். வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. கையில் பணம் இருந்து அந்தக் கடனை அடைக்கிறது, 42 சதவீதம் நிச்சய லாபம் தர்ற முதலீடு. போக்கரில் யாராலும் அடிக்க முடியாத கைக்கு நட்ஸ் என்று பேர். ஒரு சம்பளக்காரருக்கு வரக்கூடிய நட்ஸ் இதுதான். அதை வச்சுக்கிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு, மிச்சத்தை எஸ்ஐபியில் போடறேன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு அந்த 250 ரூபாய் கட்டின ஆள்தான் ஞாபகம் வருவார். "முதலீட்டுப் பழக்கம் விட்டுப் போயிடக் கூடாது சார்" என்பாங்க. பழக்கம் ஆறு மாசம் லீவு எடுத்துட்டு வரட்டும், ஒண்ணும் ஆகாது.

பதுங்கி ஆடுறவங்க

1988 உலகப் போக்கர் தொடர் இறுதி ஆட்டம், லாஸ் வேகாஸ். ஜானி சான், எரிக் சைடல் ரெண்டு பேர்தான் மிச்சம். ஃபிளாப்பில் ராணி, 10, 8 திறக்குது. சான் கையில் ஜாக்கியும் 9-ம். நேராக வரிசை சேர்ந்துடுச்சு, அந்த நேரத்தில் அதை அடிக்கக் கூடிய கையே கிடையாது. சைடல் கிட்ட ஒரு ராணி, அதனால் மேல் ஜோடி. சான் தன் பலத்தைக் காட்டவே இல்லை. ரிவர் திறந்த பிறகும் ஒண்ணும் கட்டாம விட்டார். சைடல் நம்பி மொத்தத்தையும் தள்ளினார். சான் கால் பண்ணினார், பட்டத்தைத் தொடர்ந்து ரெண்டாவது வருஷம் எடுத்துட்டுப் போனார். 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படத்தில் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுவாங்க.

அந்தப் படம் பார்த்த ஒரு தலைமுறையே நல்ல சீட்டு வந்தா பதுங்கணும்னு கத்துக்கிச்சு. என் பார்வையில் அது தப்பான பாடம். சான் பதுங்கினது பலிச்சதுக்குக் காரணம், எதிரில் இருந்தவர் அவருக்காகப் பணத்தை உள்ளே தள்ளினார். எதிராளி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கட்டாம கடந்து போற கைகளை யாரும் படமா எடுக்கிறதில்லை. அங்கே பதுங்கினவர் சிறந்த சீட்டோட சின்ன பாட்டை எடுத்துட்டுப் போறார், அவ்வளவுதான்.

ரிவரில் எவ்வளவு கட்டணும் என்பதற்கு ஒரு எளிய பெருக்கல் இருக்கு. கட்டுற தொகையையும் அதுக்கு எதிராளி கால் பண்ண வாய்ப்பையும் பெருக்குங்க. உதாரணத்துக்கு, 300 கட்டினா பத்தில் ஏழு தடவை கால் வரும்னு வச்சா சராசரி வரவு 210. 1,000 கட்டினா மூணரை தடவைதான் கால் வரும், ஆனா சராசரி 350. 2,500 கட்டினா ஒரே தடவை, சராசரி 250. நடுவில் உள்ளதுதான் அதிகம். கவனிங்க, 1,000 கட்டுறவர் பத்தில் ஆறேழு தடவை "ச்சே, ஓடிட்டானே" என்று வருத்தப்படுவார். 300 கட்டுறவர் பெரும்பாலும் சந்தோஷமா இருப்பார். சந்தோஷம் ஒரு பக்கமும் பணம் இன்னொரு பக்கமும் போகுது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, சம்பளப் பேச்சுக்கு வரும்போது வேணும்.

மூணு சுற்று, மூணு பெருக்கல்

பல பேர் கவனிக்காத இடம் இதுதான். ஃபிளாப்பில் பாட் 1,000. ஒரே ஒரு எதிராளி, நீங்க கட்டுறதையெல்லாம் கால் பண்றார்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் பாதி கட்டுறீங்க. 500 கட்டினா பாட் 2,000 ஆகும். அடுத்து 1,000, பாட் 4,000. அடுத்து 2,000, பாட் 8,000. எதிராளி கிட்டயிருந்து வந்தது மொத்தம் 3,500. இப்போ பாட் அளவுக்கே முழுசா கட்டுங்க. 1,000, பிறகு 3,000, பிறகு 9,000. வந்தது 13,000. முதல் சுற்றில் வித்தியாசம் வெறும் 500 ரூபாய்தான். முடிவில் வித்தியாசம் 9,500.

கட்டுற அளவு அடுத்த சுற்றோட அடித்தளத்தையே மாத்துது. அதனால்தான் விவரம் தெரிஞ்சவங்க ரிவரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவாங்க. கடைசியில் மொத்தமும் உள்ளே போகணும்னா இப்போ எவ்வளவு ஆரம்பிக்கணும் என்று.

உங்களுக்குக் கூட்டு வட்டி தெரியும், இது அதே கணக்குதான். ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லணும். 24 வயசில் ஆரம்பிச்ச 5,000 ரூபாய் எஸ்ஐபி 34 வயசிலும் 5,000 ரூபாயாவே இருக்கிற வீடுகள் ஏராளம். சம்பளம் மூணு மடங்கு ஆகியிருக்கும், பைக் காரா மாறியிருக்கும், எஸ்ஐபி மட்டும் அப்படியே. மாசம் 5,000, 20 வருஷம், வருஷத்துக்கு 12 சதவீதம்னு ஒரு கணக்குக்கு வச்சா சுமார் 50 லட்சம். வருஷா வருஷம் 10 சதவீதம் கூட்டிக்கிட்டே போனா சுமார் 99 லட்சம். உடனே "ரெட்டிப்பு" என்று தலைப்புப் போட்டு வீடியோ போடறவங்க சொல்லாத ஒண்ணு இருக்கு. முதல் கணக்கில் நீங்க போட்டது 12 லட்சம், ரெண்டாவதில் 34 லட்சத்துக்கு மேல. மந்திரம் எதுவும் இல்லை, அதிகம் கட்டினீங்க, அதிகம் வந்துச்சு. 12 சதவீதம் யாரும் எழுதிக் கொடுத்த வாக்கும் இல்லை. என் வாதம் இவ்வளவுதான்: இருபது வருஷம் பொறுமையா உட்கார முடியும்னா பரவலான இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு பலமான சீட்டு. அந்தச் சீட்டுக்கு, சம்பளம் ஏறினப்புறமும் பழைய தொகையையே கட்டிட்டு இருக்கிறது மெத்தனம்.

அப்போ மொத்தத்தையும் தள்ளிடலாமா?

கூடாது. இந்தப் பக்கம் இன்னும் ஆபத்து.

85 சதவீதம் என்பதை நம்ம மனசு "ஜெயிச்சாச்சு" என்று படிக்கும். 85 சதவீத வாய்ப்பில், இருக்கிற மொத்தத்தையும் வச்சு ஐந்து தடவை ஆடினா ஐந்திலும் தப்பிக்க வாய்ப்பு 44 சதவீதம்தான். பத்துத் தடவைன்னா 20. ஒரு தடவை தவறினாலும் கையில் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். அதனால்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் மொத்தப் பணத்தில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்குதான் ஒரு மேஜைக்குக் கொண்டு போவாங்க. மேஜையில் ஆல்-இன் சொன்னாலும் வீட்டில் அரிசி இருக்கும். நம்ம மொழியில் அதுக்குப் பேர் எமர்ஜென்சி ஃபண்ட். ஆறு மாசச் செலவு வங்கியில் இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே பங்கை வாங்கினாலும் ஒரே ஆட்டம் ஆடலை.

எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரமே உண்டு. 1956-ல் பெல் லேப்ஸில் இருந்த ஜான் கெல்லி எழுதினது. எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அதை முதலில் பிளாக்ஜாக் மேஜையிலும், பிறகு பங்குச் சந்தையிலும் பயன்படுத்தினார். சூத்திரத்தை விடுங்க, அது சொல்ற விஷயத்தைப் பாருங்க. ஒரு காசு இருக்கு, பத்தில் ஆறு தடவை தலை விழும். தலைன்னா நீங்க கட்டினது ரெட்டிப்பு, பூன்னா போச்சு. கையில் 10,000 ரூபாய். பத்துத் தடவை சுண்டி, சரியா ஆறு தலை, நாலு பூ விழுதுன்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு தடவையும் கையிருப்பில் 10 சதவீதம் கட்டினவர் கிட்ட 11,623 ரூபாய் இருக்கும். 20 சதவீதம் கட்டினவர் கிட்ட 12,231. 40 சதவீதம் கட்டினவர் கிட்ட 9,758. 60 சதவீதம் கட்டினவர் கிட்ட 4,295.

நல்லா பாருங்க. நாலு பேருக்கும் அதே காசு, அதே ஆறு வெற்றி. நாலு பேரும் கணிச்சது சரி. அதில் ரெண்டு பேர் நஷ்டம், ஒருத்தர் பாதிக்கு மேல இழந்துட்டார். "நான் சொன்ன பங்கு ஏறிச்சே, அப்புறமும் ஏன் என் கணக்கு சிவப்பா இருக்கு?" என்று கேட்கிறவங்களுக்குப் பதில் இந்த நாலு எண்ணில் இருக்கு. சூத்திரப்படி இங்கே சரியான அளவு 20 சதவீதம். அதை ரெட்டிப்பாக்கினா நல்ல ஆட்டமே நஷ்ட ஆட்டமா மாறிடும்.

இதை நிஜமாகவே செஞ்சு பார்த்தாங்க. விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி ரெண்டு பேரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு. நிதி படிக்கிற மாணவர்களும் நிதி நிறுவனங்களில் வேலை செய்ற இளைஞர்களுமா 61 பேர். ஆளுக்கு 25 டாலர், அரை மணி நேரம், 60 சதவீதம் தலை விழற காசு, அது முன்கூட்டியே சொல்லப்பட்டது. அதிகபட்சப் பரிசு 250 டாலர். கெல்லி சொன்ன மாதிரி ஆடியிருந்தா கிட்டத்தட்ட எல்லாரும் அந்த 250-ஐத் தொட்டிருக்கலாம். தொட்டது 21 சதவீதம் பேர். திவாலானது 28 சதவீதம் பேர். 18 பேர் ஏதோ ஒரு சுண்டலில் கையிருப்பு மொத்தத்தையும் வச்சாங்க. இதில் பலர் மற்றவங்க பணத்தை மேலாண்மை செய்யப் போறவங்க என்பது தனி வேதனை. ஹகானிக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை, 1998-ல் அளவுக்கு மீறின கடனால் கவிழ்ந்த எல்டிசிஎம் நிறுவனத்தின் பங்குதாரர்களில் அவரும் ஒருவர்.

காசு விஷயத்தில் 60 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துட்டாங்க. சந்தையில் யார் எழுதித் தருவாங்க? உங்களுக்கு 60 என்று தோணுவது நிஜத்தில் 52-ஆ இருக்கலாம், 45-ஆவும் இருக்கலாம். அதனால்தான் சூத்திரம் தெரிஞ்சவங்ககூட அது சொல்றதில் பாதியைத்தான் கட்டுவாங்க.

இப்போ நம்மில் நிறைய பேர் எங்கே பெரிசா கட்டுறோம்னு பார்க்கலாம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். போக்கர் மொழியில் இது 7-2. வேற வேற ஜாதியில் வந்த 7-ம் 2-ம், ஆரம்பக் கைகளிலேயே மோசமானது. அந்தக் கைக்கு ரெண்டு மாசச் சம்பளம், ரெண்டு ஏஸுக்கு 5,000 ரூபாய்.

இன்னொண்ணு, கண்ணுக்கே தெரியாம பெரிசாகிற பந்தயம், வேலை செய்ற கம்பெனியோட பங்கு. ஐடியில் இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். நாலு வருஷம் ஆர்எஸ்யூ சேர்ந்தா மொத்தச் சேமிப்பில் பாதி அதுதான். சம்பளமும் அங்கேயிருந்து, சேமிப்பும் அங்கேயே. 2000 முடிவில் அமெரிக்காவின் என்ரான் ஊழியர்களோட ஓய்வுக்கால நிதியில் சுமார் 62 சதவீதம் என்ரான் பங்குகளாவே இருந்தது. 2001 டிசம்பரில் கம்பெனி திவால், வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு. நம்ம நாட்டில் 2009 ஜனவரி 7, சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடின்னு கடிதம் எழுதின அன்னைக்கு ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அன்னைக்குக் காலையில் அங்கே வேலைக்குப் போனவங்களுக்கு அது ஒரு பலமான சீட்டாத்தான் தெரிஞ்சிருக்கும். வெஸ்ட் ஆன உடனே பெரும்பகுதியை வித்து வேற இடத்துக்கு மாத்துங்க என்பது என் கட்சி. "இன்னும் ஏறும் சார்" என்றால் ஏறட்டும், உங்க வேலையும் அடுத்த ஹைக்கும் ஏற்கெனவே அந்தக் கம்பெனி மேலதான் இருக்கு.

இந்த ஒப்பீடு எங்கே உடையுது

போக்கரை அப்படியே வாழ்க்கைக்குப் பொருத்த முடியாது. இண்டெக்ஸ் ஃபண்ட் உங்களைப் பார்த்து ஃபோல்ட் பண்ணாது. நீங்க பெரிசா கட்டினீங்கன்னு அது ஓடிப் போறதில்லை. அதனால் எதிராளி எவ்வளவுக்கு கால் பண்ணுவார் என்ற பாதிக் கணக்கு முதலீட்டில் கிடையாது, உங்க தாங்குதிறன் என்ற மீதிப் பாதிதான் உண்டு.

ஆனா எதிராளி நிஜமா உட்கார்ந்திருக்கிற ஒரு மேஜை உங்க வாழ்க்கையில் இருக்கு. சம்பளப் பேச்சு. கையில் வேற கம்பெனி ஆஃபர் இருக்கு, உங்க வேலைக்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம், இப்போ நீங்கதான் ரெண்டு ஏஸ் வச்சிருக்கிறவர். அங்கே நம்ம பசங்க என்ன செய்றாங்க? 10 லட்சத்தில் இருக்கிறவர் "12 கிடைச்சா போதும்" என்கிறார். ஹெச்ஆர் அஞ்சு நிமிஷத்தில் சரின்னு சொல்லிடறாங்க. வீட்டுக்கு வந்து ஸ்வீட் வாங்குறோம். அந்த அஞ்சு நிமிஷம்தான் பிரச்சினை. அவ்வளவு சீக்கிரம் கால் வந்ததுன்னா 300 ரூபாய்தான் கட்டியிருக்கீங்க.

12-க்கும் 13-க்கும் வித்தியாசம் ஒரு லட்சம்தானே என்று தோணும். அடுத்த வருஷ ஹைக் இந்த எண்ணு மேலதான் போடுவாங்க. வருஷம் 8 சதவீதம் ஏறுதுன்னு வச்சா, ஐந்து வருஷத்தில் அந்த ஒரு லட்சம் 5.87 லட்சம் ஆகுது. அடுத்த கம்பெனியும் "இப்போ என்ன வாங்குறீங்க?" என்றுதான் கேட்கும். ஃபிளாப்பில் விட்ட 500 ரூபாய் கதைதான்.

போக்கரைவிட இங்கே ஒரு சலுகையும் உண்டு. 13.5 கேட்டா ஹெச்ஆர் சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்து போறது அரிது, "12.8 வரைக்கும் பார்க்கலாம்" என்பாங்க. 18 கேட்டா மட்டும்தான் ஃபோல்ட். அதனால் போறதுக்கு முன்னாடி உங்க அனுபவத்துக்கும் திறமைக்கும் சந்தையில் என்ன விலை போகுதுன்னு குறைஞ்சது மூணு பேர் கிட்ட விசாரிச்சுட்டுப் போங்க. அந்த வரம்பில் மேல் முனைக்குப் பக்கத்து எண்ணைச் சொல்லுங்க, சொல்லிட்டு அமைதியா இருங்க. "முடியாதுன்னா 12 கூட ஓகே" என்று நீங்களே சேர்த்துச் சொல்றது, சீட்டைத் திருப்பிக் காட்டிட்டுப் பந்தயம் கட்டுற மாதிரி.

கையில் வேற ஆஃபர் இல்லாம இருக்குன்னு சொல்லிப் பார்க்கலாமான்னு சில பேர் கேட்கறீங்க. அது பிளஃப். ஆஃபர் லெட்டரைக் காட்டுங்கன்னு கேட்கிற ஹெச்ஆர்களும் இருக்காங்க. அந்தக் கணக்கும் போன மாசச் சம்பளச் சீட்டு கேட்கிற விஷயமும் அடுத்த வீடியோவில்.